எதிர்க் காணியில் நின்ற கார்

கார் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. நிலைமை எவ்வளவு மோசம் என்பது அதிலிருந்தே எனக்கு விளங்கியது.

வாப்பா வெங்காயத் தோட்டத்துக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பில் சத்திரசிகிச்சை செய்து, வீட்டுக்கு வந்திருந்தார். மோட்டார் சைக்கிளில் கால் தூக்கிப் போட்டு ஏறுவது இனி அவரால் ஆகாது. எங்கள் ஊர் எத்தாளையிலிருந்து புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனால் நுரைச்சோலை தாண்டும்வரை நின்றுகொண்டுதான் போக வேண்டும். ஒரு தரம் அப்படிப் போய் வந்த பிறகு இரண்டு நாள் அவர் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

நான் அப்போது வெளிவாரியாகப் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வார இறுதியில் புத்தளத்தில் விரிவுரை. மற்ற நாட்களில் எங்கள் ஊரிலும் பள்ளிவாசல்துறையிலும் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு எடுத்தேன். அந்த வகுப்புக் காசில் சேர்த்ததும், உம்மா தன் காப்பை விற்றுத் தந்ததும்தான் என்னிடம் இருந்தது. நாட்டுக்குள் வாகனம் இறக்குவதை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம். பழைய கார்களெல்லாம் பொன் விலைக்கு ஏறியிருந்தன. என் கையில் இருந்த காசுக்கு என்னைவிட வயது கூடிய கார்தான் கிடைக்கும்.

உம்மாவும் நானும் பஸ் ஏறிக் கார் பார்க்கப் போனோம். போனில் விளம்பரம் பார்ப்பேன், பேசுவேன், போவோம். சிலாபத்தில் ஒரு காரின் காலடி விரிப்பைத் தூக்கினால் கீழே தெருவின் சரளைக் கல் தெரிந்தது. "அது காத்து வாறதுக்கு நல்லந்தானே" என்றார் அதை விற்க வந்தவர். கரைத்தீவில் ஒருவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. உம்மாவிடம்தான் கதைத்தார்.

"மருமகன் வரல்லயா? ஆம்புளயள் ஆரும் வந்தா வெவரமாச் சொல்லலாம்."

"ஓடப்போறது இவ. இவட்டச் சொல்லுங்க" என்றா உம்மா.

அவர் சொல்லவில்லை. நாங்கள் திரும்பி வந்தோம்.

அலைந்து அலைந்து நானாகவே சில விஷயங்களைப் பழகிக்கொண்டேன். பார்க்கப் போகிற காரை நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதலே சொல்லி வைக்க வேண்டும். சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். எண்ணெய் மூடியைத் திறந்து உள்பக்கம் வெள்ளையாக நுரை கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவின் கீழ் விளிம்பில் விரலால் தட்ட வேண்டும். தகரமாக இருந்தால் தகரச் சத்தம் வரும். துருவை மறைத்துப் பசை பூசியிருந்தால் மண்சட்டியைத் தட்டுவதுபோல் கேட்கும். கடற்கரைப் பக்கத்துக் கார்களில் பாதி, மண்சட்டிச் சத்தம்தான் தந்தன.

அப்போதுதான் வாப்பா தன் கூட்டாளியை நினைத்தார்.

அவரும் எத்தாளைக்காரர்தான். வாப்பாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர், ஒரே தோணியில் கடலுக்குப் போனவர். பிறகு பாலாவிப் பக்கம் போய்க் காணி வாங்கி, பழைய வாகனம் விற்கும் கார் சேல் போட்டுப் பெரிய ஆளாகிவிட்டார். ஹஜ்ஜுக்கும் போய் வந்துவிட்டார். பெருநாளைக்கு ஊருக்கு வந்தால் வாப்பாவைக் கட்டிப்பிடிக்காமல் போக மாட்டார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"அவன்ட்டப் போவம்" என்றார் வாப்பா. "வெளியாள்ட்ட ஏமாறுறதுக்கு நம்மட ஆள்ட்ட வாங்குறது மேல்."

போனோம். மாமா எங்களைக் கதிரை போட்டு உட்கார வைத்தார். குளிர்பானம் வந்தது. ஒரு சின்ன ஜப்பான் காரைக் காட்டினார். வெள்ளை நிறம், மினுக்கி வைத்திருந்தார்கள்.

"மகள், இது ஒரு டீச்சர் ஓடின கார். ஸ்கூலும் வீடும்தான். வேற எங்கயும் போனதில்ல."

கதவைத் திறந்தேன். உள்ளே அத்தர் மணம் மூக்கை அடைத்தது. காலடியில் புத்தம் புது விரிப்பு. தட்டிப் பார்த்தேன், தகரச் சத்தம். எண்ணெய் மூடி சுத்தம். எஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது, ஒரே திருப்பில் பிடித்தது. காரின் பதிவுப் புத்தகத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. டீச்சராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் அந்த விரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"பழைய கார்ல ஏன் மாமா புது கார்ப்பட்?"

அவர் வாப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "படிச்ச புள்ள. எல்லாத்தையும் கேக்குது."

"தூக்கிப் பாக்கட்டா?"

வாப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கூட்டாளிட்ட வந்து இப்பிடியா கேக்குற? விடு மகள்."

மாமா வலது கையைத் தன் நெஞ்சில் வைத்தார். "வல்லாஹி, இந்தக் கார்ல ஒரு பிழையும் இல்ல. பிழ இருந்தா நான் ஒனக்குத் தருவனா? ஒன்ட வாப்பாட முகத்துல முழிக்க வேணாமா நான்?"

ஒரு முஸ்லிம் அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்த பிறகு விரிப்பைத் தூக்குவது எப்படி? காசைக் கொடுத்தோம். உம்மாவின் காப்பு போன வழி அதுதான்.

ஒரு மாதத்துக்கு மேல் கார் நன்றாகவே ஓடியது. நான் வகுப்புக்குப் போனேன், விரிவுரைக்குப் போனேன். காற்றாலைகளைத் தாண்டும்போது யன்னலைத் திறந்துவிட்டு உம்மா முன் ஆசனத்தில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு இருப்பா. அந்த நாட்களை நான் இல்லையென்று சொல்ல முடியாது.

பிறகு வைப்பர் தானாக ஆடத் தொடங்கியது. வெயில் நேரத்தில் காய்ந்த கண்ணாடியைக் கரகரவென்று சுரண்டும். நிறுத்தினால் நிற்காது. அடுத்து உள் விளக்கு. அதற்குப் பிறகு கதவுக் கண்ணாடி பாதியில் இறங்கி ஏறவே இல்லை. நான் வயர் மாற்றினேன், ஃபியூஸ் மாற்றினேன். பழைய கார் என்றால் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாப்பாவின் கிளினிக் நாள் வந்தது. பாலாவிக்கு முன்னால், உப்பளம் தெரிகிற இடத்தில், டாஷ்போட்டுக்குக் கீழிருந்து புகை வந்தது. கார் இருமிக்கொண்டு நின்றது. நான் இறங்கி பெட்டரியைக் கழற்றினேன். அதற்குள் வாப்பாவும் இறங்கிவிட்டார். நான் பொனட்டுக்குள் தலையை விட்டிருந்ததால் பார்க்கவில்லை. காரை ஓரமாகத் தள்ள நினைத்திருக்கிறார். ஊன்றுகோலை ஆசனத்தில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பின்பக்கம் பிடித்துத் தள்ளியிருக்கிறார். அவர் விழுந்த சத்தம் கேட்டுத்தான் ஓடினேன்.

உப்பு வெள்ளையாகக் கண்ணில் குத்திய அந்தத் தெருவோரத்தில் வாப்பா ஒருக்களித்துக் கிடந்தார். சாரன் முழுக்க மண். வலியில் முகம் நீலமாகப் போயிருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "கூட்டாளிட்டச் சொல்லிடாத மகள். கவலப்படுவான்."

எனக்குள் ஏதோ ஒன்று அந்த இடத்தில்தான் பற்றியது.

வாப்பாவுக்கு மறுபடியும் கட்டில். வைத்தியர் எலும்புக்கு ஆபத்தில்லை என்றார், ஆனால் நடை பின்னுக்குப் போய்விட்டது. காரைக் கட்டி இழுத்து முற்றத்தில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் காலையில் நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு காருக்குள் ஏறினேன். முதலில் விரிப்பு. மாமா எனக்குத் தூக்கிக் காட்டாத விரிப்பை நானே பிடுங்கி எறிந்தேன். அடியில் சாம்பல் நிறச் சேறு காய்ந்து ஓடு ஓடாக வெடித்திருந்தது. பிறகு கதவின் உள் பலகையைக் கழற்றினேன். உள்ளே, தகரத்தில், தண்ணீர் நின்ற மட்டம் கோடு போட்டதுபோல் தெரிந்தது. ஆசனத்தில் உட்கார்ந்தால் என் தோள் உயரத்துக்கு. அந்தக் கோட்டுக்குக் கீழே சின்னச் சிப்பிகள் சேற்றோடு ஒட்டிக் காய்ந்திருந்தன. அடித் தகரத்தில் காய்ந்து சிவந்துபோன இறால்கள் கிடந்தன. விரலால் தொட்டால் நொறுங்கின.

உம்மா எட்டிப் பார்த்தா. "யா அல்லாஹ்! இதென்ன, றால் காயப்போடுற வாடியா?"

நான் இறால்களைப் பொறுக்கி ஒரு ஜாம் போத்தலில் போட்டேன். பஸ் ஏறினேன்.

மாமா அதே கதிரையைப் போட்டார். நான் உட்காரவில்லை. போத்தலை அவருடைய மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை. கார் தண்ணீருக்குள் கிடந்தது அவருக்கு முதலே தெரியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"கடக்கரையில எறக்கி ஓடினியா மகள்?"

"கதவுக்குள்ள றால் எப்பிடி மாமா போகும்?"

"வாங்கக்குள்ள பாத்துத்தானே வாங்கினீங்க. பொம்புளப் புள்ளயள் வாகனம் ஓடினா இப்பிடித்தான். வித்த சாமானத் திருப்பி எடுக்கிற பழக்கம் இஞ்ச இல்ல."

"வாப்பா விழுந்து கெடக்காரு."

"அல்லாஹ் ஷிபாவாக்கட்டும், சொகமாகிரும்" என்றார். பிறகு போனை எடுத்து வேறு யாரோடோ விலை பேசத் தொடங்கினார்.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கலாம் என்று பலர் சொன்னார்கள். கொடுத்தேன். விசாரிப்போம் என்றார்கள். வாப்பாவிடம் சொன்னபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "அல்லாஹ்ட்ட விடு" என்றார். அவருக்குச் சரி. எனக்கு அல்லாஹ் கொடுக்கப்போகிற தண்டனையைக் காத்திருந்து பார்க்கும் பொறுமை இல்லை. அந்த மனுஷன் கதிரையில் சாய்ந்துகொண்டு விலை பேசிய முகம் எனக்கு முன்னாலேயே மாற வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும். படிக்க உட்கார்ந்தாலும் அதுதான், தொழுகையில் நின்றாலும் அதுதான்.

அவருடைய கார் சேலுக்கு எதிரே, தெருவுக்கு இந்தப் பக்கம், ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருந்தது. சிலாபத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்கள அக்கா நடத்தினா. கடையை ஒட்டி அவவுடைய வெறுங்காணி. நான் அங்கே பிளேன்டீ குடிக்கப் போய், என் கதையைச் சொன்னேன். அவ முழுக்கக் கேட்டா.

"அந்த ஆள் கார் கழுவுற தண்ணி எல்லாம் ரோட்டத் தாண்டி என் வாசல்ல வருது நங்கி" என்றா சிங்களம் கலந்த தன் தமிழில். "சொன்னா சிரிக்கிறார். நீ கொண்டாந்து வை. நல்லா அவர் முகத்துக்கு நேர வை."

உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். அந்தக் காணியில், தெருவைப் பார்த்தபடி, மாமாவின் மேசைக்கு நேர் எதிரே என் வெள்ளைக் காரை நிறுத்தினேன். எல்லாக் கதவையும் திறந்துவிட்டேன். கழற்றிய பலகைகளைப் பூட்டவில்லை. விரிப்பைப் போடவில்லை. இறால் போத்தலை பொனட்டின் மேல் வைத்தேன். ஒரு பெரிய மட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கண்ணாடியில் சாய்த்தேன்: "இந்தக் காரை எதிரே உள்ள இடத்தில் வாங்கினேன். கேட்டால் கதை சொல்வேன்."

அதற்குப் பிறகு பின் ஆசனத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தேன்.

காலையில் பஸ்ஸில் வருவேன், பின்னேர வகுப்புக்குத் திரும்பிவிடுவேன். வெயில் ஏற ஏறக் கார் தகரம் சட்டிபோல் கொதிக்கும். அக்கா ஒரு பழைய துணியை நனைத்துக் கூரையில் போட்டுவிடுவா. சேற்று நாற்றம் தலையை இடிக்கும். ஆனால் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கும் ஒவ்வொரு தரமும் அவர் தெரிந்தார். அவருக்கும் நான் தெரிந்தேன். முதல் நாள் அவர் சிரித்தார், கை காட்டினார். நானும் கை காட்டினேன்.

முதலில் வந்தவர்கள் புதிதாகக் கல்யாணம் முடித்த ஒரு சோடி. எதிர்ப்பக்கம் போகத்தான் வந்திருந்தார்கள். மட்டையைப் பார்த்து அந்தப் பெண் தெருவைத் தாண்டி வந்தா. நான் சேற்றைக் காட்டினேன், கதவுக்குள் கோட்டைக் காட்டினேன். ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்ட வேண்டிய தேவையும் இல்லை. கார் வாங்கும்போது எதையெதைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் அங்கே போனார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ஒரு காரின் கதவைத் திறந்து குனிந்து விரிப்பைப் பிடித்தா. மாமா ஓடி வந்து ஏதோ சொன்னார். அவ விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் வெளியே வந்து தங்கள் வழியில் போய்விட்டார்கள்.

அன்றைக்குச் சாப்பிட்ட பாணும் பருப்பும்போல் ருசியான சாப்பாட்டை நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

நாள் போகப் போகக் கதை பரவியது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். யாரோ போனில் படம் எடுத்துப் போட்டார்கள். மாமா பொலிஸுக்குச் சொன்னார். ஒரு கான்ஸ்டபிள் வந்தார்.

"இது யார்ட காணி?"

"என்ட காணி. நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றா அக்கா சிங்களத்தில்.

"கார்?"

"என்ட" என்றேன்.

அவர் கதவுக்குள் எட்டிப் பார்த்தார். தானும் ஒரு பழைய வான் வாங்க யோசிப்பதாகச் சொன்னார். நீர் மட்டம் எங்கே தெரியும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்து பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து இருவர் வாப்பாவிடம் வந்தார்கள். ஒரு முஸ்லிமின் மானத்தை இப்படித் தெருவில் வைக்கலாமா என்று கேட்டார்கள். நான் பர்தாத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"அல்லாஹ்ட பேரச் சொல்லிப் பொய்க்குச் சத்தியம் பண்ணினத்த எங்க வைக்கிற?"

அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார்கள்.

அவர்கள் போன பிறகு வாப்பா என்னோடு பேசவில்லை. தனக்கு இருந்த ஒரே கூட்டாளியையும் நான் இல்லாமலாக்கப் போகிறேன் என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நான் அதைக் கேட்டும் நிறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் அப்படிச் சொன்னது என் கோபத்தைக் கூட்டியது. விழுந்து கிடக்கும்போதும் கூட்டாளிக்காகக் கவலைப்படும் அந்த மனசை விலைக்கு விற்றவனை எப்படி விடுவது?

மாமா ஒரு நாள் தானே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் திராட்சையும் அப்பிளும். பாதிக் காசு தருவதாகச் சொன்னார்.

"காசு முழுசா வேணும்" என்றேன். "அதோட, அண்டைக்கு வாப்பாக்கு முன்னுக்கு நெஞ்சில கைய வெச்சிச் சொன்னீங்களே, அத மாத்திச் சொல்லணும். அந்தப் பள்ளிவாசல் ஆக்கள வெச்சிக்கொண்டு. கார் தண்ணிக்குள்ள கெடந்தது, தெரிஞ்சுதான் வித்தேன் எண்டு."

"எனக்குத் தெரியாது மகள். வல்லாஹி..."

"போதும் மாமா. இன்னொருக்கா சொல்லாதீங்க."

அப்பிளை எடுத்துக்கொண்டே போகச் சொன்னேன். அவர் படியில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை ஆட்டுக்குப் போட்டேன்.

அவர் அசையமாட்டார் என்றுதான் நினைத்தேன். அசைத்தது வேறொருவர். உடப்புப் பக்கத்தில் இறால் பண்ணை வைத்திருக்கும் ஒரு நடுத்தர வயதுக்காரர், அக்காவின் கடையில் மதியம் சாப்பிட இறங்கினார். கை கழுவிக்கொண்டு என் காரையே பார்த்தார். பிறகு வந்து பின்பக்கம் குனிந்து, பம்பருக்கு அடியில் கையை விட்டார்.

"கொக்கி இருக்கு" என்றார். "நான் ஒட்டுவிச்ச கொக்கி. றாலுக்குப் போடுற தீன் மூட்டை ஏத்துற பெட்டி இழுக்கிறதுக்கு. தங்கச்சி, இது என்ட கார்."

நான் தெருவுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். "டீச்சர் ஓடின கார் எண்டாரு."

"டீச்சரா? புத்தகம் என்ட பொஞ்சாதி பேர்ல இருந்திச்சு. அவவுக்கு கார் ஓடவே தெரியாது." அவர் சிரித்தார். பிறகு பொனட்டில் இருந்த போத்தலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தப் பெருமழையில களப்புத் தண்ணி ஏறி, பண்ணையோட காரும் தாண்டு போச்சு. ரெண்டு நாள் தண்ணிக்குள்ள. உதிரிப் பாகத்துக்கு எடுங்க எண்டு சொல்லித்தான் அந்த மனுசனுக்குக் குடுத்தன். இத ஓட விடுறதுக்கு ஆருக்கு மனசு வரும்?"

"இத அவருக்கு முன்னுக்குச் சொல்லுவீங்களா?"

அவர் சோற்றைக்கூடச் சாப்பிடவில்லை. நேரே தெருவைத் தாண்டினார். நானும் பின்னால் போனேன். அங்கே வாங்க வந்தவர்கள் சிலர் நின்றார்கள். பண்ணைக்காரர் குரலை உயர்த்தவே இல்லை. "என்னய ஞாபகம் இருக்கா முதலாளி?" என்று மட்டும் கேட்டார். மாமாவின் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நெஞ்சுக்குப் போன கை பாதியில் நின்று சட்டைப் பொத்தானைத் தடவியது.

நான் எதிர்பார்த்திருந்த முகம் அதுதான். கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் வகுப்புக்குப் போகவில்லை. அக்காவிடம் ஒரு உளியும் சுத்தியலும் வாங்கினேன். இனி அவர் காசோடு வருவார் என்று தெரியும். காசு தந்தால் காரை எடுப்பார். எடுத்தால் மறுபடி புது விரிப்புப் போட்டு, அத்தர் அடித்து, கண்டியிலோ காலியிலோ இன்னொரு வாப்பாவின் தலையில் கட்டுவார். கார் அன்றைக்கு இன்னும் என்னுடையதுதான். பொனட்டில், கூரையில், கதவுகளின் உள் தகரத்தில், எஞ்சினுக்குப் பக்கத்துச் சுவரில், இரண்டு மொழியிலும் ஆழமாக வெட்டினேன்: தண்ணீரில் கிடந்தது. ஒவ்வொரு எழுத்தும் தகரத்தில் இறங்கும் சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் அடித்தேன்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்பு வந்த அந்தப் பள்ளிவாசல்காரர்கள் இருவரும் கூட வந்தார்கள். வாப்பாவைத் தூக்கிக் கதிரையில் இருத்தியிருந்தோம். மாமா காசைக் கொடுத்தார், முழுதாக. பிறகு தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தார்.

"கார் தண்ணிக்குள்ள கெடந்தது. எனக்குத் தெரியும்."

"பலமாச் சொல்லுங்க" என்றேன். "உம்மா குசினிக்குள்ள ஈக்கிறா. கேக்கல்ல."

"மகள்!" என்றார் வாப்பா.

"கேக்கல்ல வாப்பா."

உம்மா குசினியிலிருந்து சத்தமாகச் சொன்னா: "ஓம், எனக்குக் கேக்கல்ல."

அவர் தலையைத் தூக்கி, பலமாகச் சொன்னார். தெரிந்தே விற்றேன், பொய்ச் சத்தியம் செய்தேன், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும் என்றார். கடைசியில் வாப்பாவைப் பார்த்து, "நீயும்" என்றார். வாப்பா அழுதார். நான் அழவில்லை.

காரை அவர் எடுக்க வந்தபோது நானும் போயிருந்தேன். இழுக்கும் லொறியில் ஏற்றும்போதுதான் பொனட்டில் வெட்டியிருந்ததைக் கிட்ட நின்று பார்த்தார்.

"இதென்ன செஞ்சு வெச்சிரிக்க? இனி இத என்ன செய்யிற?"

"என்ட கார்லதான் எழுதினேன். அப்ப நீங்க காசு தரல்ல."

லொறி போன பிறகு அக்கா அந்த இடத்தைக் கூட்டினா. இருவரும் கோழிக்கறியோடு சோறு சாப்பிட்டோம்.

நான் பிறகு வாங்கிய கார் ஒரு விகாரமான பச்சைக் கார். ஒரு கதவு மட்டும் நீலம். சிலாபத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் விற்றார். எந்தெந்த இடத்தில் துரு, எந்த மேட்டில் இழுக்காது, மழைக்கு எந்தப் பக்கம் ஒழுகும் என்று நான் கேட்கும் முன்பே சொன்னார். விரிப்பை அவரே தூக்கிக் காட்டினார். அந்தக் காரில்தான் என் கடைசிப் பரீட்சைக்குப் போனேன். வாப்பாவையும் அதில்தான் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறேன்.

மாமாவின் கார் சேல் கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டு கிடந்து மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் ஓடு விற்கிறார்கள். பொருளாதாரம்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் காரணமாக இருந்தால் நல்லது என்பதே என் ஆசை.

போன வருடம் கல்பிட்டியில் ஒரு கல்யாணம். நாங்கள் பெண்கள் பக்கத்தில் இருந்தோம். பர்தாவின் இடைவெளியால் பார்த்தேன். ஆண்கள் சஹன் என்ற பெரிய பொதுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாப்பாவால் கீழே உட்கார முடியாது என்பதால் அவருக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். அவருக்கு எதிரே, அதே சஹனில் கை வைத்தபடி, மாமா இருந்தார். மெலிந்துபோயிருந்தார். வாப்பா ஒரு இறைச்சித் துண்டைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

நான் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினேன். திரும்பி வரும் வழியில் கல்பிட்டியைத் தாண்டும்வரை தெருவையே பார்த்து ஓடினேன். பிறகு கேட்டேன்.

"எப்பிடி வாப்பா அவரோட ஒரே தட்டுல கைய வெச்சீங்க?"

"அவன் சொன்ன பொய்ய அவனே எல்லார்க்கும் முன்னுக்குத் திருப்பி எடுத்திட்டான். கடையும் போச்சு. இன்னும் என்ன வேணும் ஒனக்கு?"

உப்பளத்து ஓரத்தில் மண்ணோடு கிடந்த அவருடைய சாரன் நினைவுக்கு வந்தது. அந்தப் பச்சைக் காரின் கியரை மாற்றிக்கொண்டே உள்ளதைச் சொன்னேன்.

"தெரியா வாப்பா. இன்னும் கொஞ்சம் வேணும்போலதான் ஈக்கிது."

வாப்பா யன்னலுக்கு வெளியே பார்த்தார். பின் ஆசனத்தில் உம்மா, கல்யாண வீட்டில் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்தா.